பதின்மூன்றால் வகுபடும் தோட்டம்

ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் என்ற எண்ணோடு எங்கள் தோட்டத்தாருக்கு முன்பகை எதுவும் கிடையாது. அப்படி ஓர் எண் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் இரண்டு நாட்டுப் பெரியவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, இலங்கையில் நாடில்லாமல் இருக்கும் ஆட்கள் மொத்தம் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் என்று முடிவு செய்தார்கள். அதில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளட்டும், மூன்று லட்சம் பேர் இங்கேயே இருக்கட்டும், மிச்சமுள்ள ஒன்றரை லட்சத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த எண் நாங்கள்தான் என்பது எங்களுக்கு விளங்கியது.

நாடில்லாதவர்கள் ஆவதற்கு நாங்கள் பெரிதாகப் பாடுபடவில்லை. நாற்பத்தெட்டில் சுதந்திரம் வந்தது. அதே வருஷம், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனம் இலங்கைப் பிரஜைகள் இல்லை என்று ஒரு சட்டமும் வந்தது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்த அதே மலையில்தான் சாயங்காலமும் நின்றோம். நாடு மட்டும் காலுக்குக் கீழே இல்லை என்று சொன்னார்கள். குனிந்து பார்த்தோம், தேயிலைச்செடி இருந்தது. செடி இருந்ததால் கொழுந்து எடுத்தோம். அப்படியே பதினாறு வருஷம் போயிற்று.

எண் வந்ததும் அதை வகுக்க ஆள் வேண்டுமே. நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவைச் சுண்ணாம்பு அடித்து, ‘ஆட்தொகை வகுத்தல் காரியாலயம்’ என்று பலகை மாட்டினார்கள். ஒப்பந்தத்துக்குச் சட்டம் வந்து சேர நாளாகும், அதற்குள் ஒரு தோட்டத்தை வகுத்துப் பழகிப் பார்ப்போம் என்று அவர்களுக்கு யோசனை வந்தது. வலப்பனைப் பக்கம் மூலையில் கிடந்த எங்கள் ஊசிப்பாறைத் தோட்டம் அதற்குப் பொருத்தமாகப் பட்டது. பிழையாகப் போனாலும் வெளியே தெரியாது.

காரியாலயத்தின் தலைவர் திரு. ஞானரட்ணம். லண்டன் பரீட்சையில் கணிதம் பாஸ் செய்தவர். ஆங்கிலத்தில் யோசித்து, சிங்களத்தில் கையெழுத்துப் போட்டு, எங்களிடம் மேடைத்தமிழில் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் எங்களை நிறுத்தி வைத்து, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை நாலு பேர் சுமந்து வர, அவர் வந்து இறங்கினார். பலகையில் 975,000 என்று பெரிதாக எழுதி, இரண்டடி பின்னால் நகர்ந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

“அன்பார்ந்த தொழிலாளர்களே! இந்த எண்ணைப் பாருங்கள். இது இரட்டை எண். மூன்று பூச்சியங்களில் முடிகிறது. உண்மையான மக்கள் ஒருபோதும் தாமாக மூன்று பூச்சியங்களில் முடியமாட்டார்கள். அவர்களை முடித்து வைக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் அரசாங்கங்கள் செய்திருக்கின்றன.”

நாங்கள் கை தட்டினோம். அவர் நிறுத்திய இடம் கை தட்டுகிற இடமாகத் தெரிந்தது.

பிறகு அவர் அந்த எண்ணை உடைத்துக் காட்டினார். மூன்று இரண்டுகள், ஒரு மூன்று, ஐந்து ஐந்துகள், ஒரு பதின்மூன்று. இவற்றைப் பெருக்கினால் நாங்கள் வந்துவிடுவோம். ஓர் எண்ணை, அதைத் தவிர எந்தெந்த எண்கள் மீதியில்லாமல் வகுக்குமோ அவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணைவிடப் பெரிதாக வந்தால் கணிதத்தில் அதற்கு மிகையெண் என்று பெயர். எங்கள் எண்ணுக்கு அப்படிக் கூட்டினால் இருபத்து மூன்று லட்சத்துக்கு மேல் வருகிறதாம். “ஆகவே உங்களை மிகை என்று சொல்வது அரசாங்கம் அல்ல, கணிதம். கணிதத்துக்கு இனம், மதம், மொழி என்ற பேதம் கிடையாது” என்று அவர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

எல்லாவற்றிலும் அவர் மனதைப் பறித்தது பதின்மூன்றுதான். எங்கள் எண்ணைப் பதின்மூன்றால் வகுத்தால் மிகச் சரியாக எழுபத்தையாயிரம் வரும். ஓர் ஆள்கூட மிஞ்சாது. ஒவ்வொரு பதின்மூன்று பேரிலும் ஏழு பேர் அங்கே, நாலு பேர் இங்கே, இரண்டு பேர் பிறகு. கூட்டிப் பார்த்தால் ஒப்பந்தம் அப்படியே வந்து நிற்கும். இதைச் சொல்லிக்கொண்டே பலகையில் பதின்மூன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பெரியவர்கள் இதை யோசித்துச் செய்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்று தமக்கே தெரியாது என்றும், எப்படி ஆனாலும் இவ்வளவு அழகாக வகுபடும் ஒரு சனத்தைத் தாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை என்றும் சொன்னார்.

கூட்டத்தில் நின்ற கொழுந்துக்காரி வேலாயி கையைத் தூக்கி, ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். குடும்பம் என்பது எண்ணின் குணங்களில் சேராது என்று அவர் பணிவாகச் சொன்னார். ‘பிறகு’ என்று ஒதுக்கப்படுகிற இரண்டு பேரும் அதுவரை எங்கே இருப்பார்கள் என்று இன்னொருவர் கேட்டார். அவர்கள் எங்கும் இருக்கமாட்டார்கள், எண்ணின் நலனுக்காக ஒதுங்கி நிற்பார்கள் என்று பதில் வந்தது.

ஆள் எண்ணுவதற்கு ஒரு நாள் குறித்து, அந்த வேலையைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் முத்துலிங்கத்திடம் கொடுத்தார்கள். இங்கேதான் கோளாறு தொடங்கியது. முத்துலிங்கம் கெட்டவர் அல்ல. முப்பது வருஷமாக எங்களை எண்ணி வந்தவர், ஒரே விதமாக எண்ணி வந்தவர். எடுத்த கொழுந்து, குறித்த இறாத்தல் எடையைத் தொட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்று முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். இந்த நாட்டில் தோட்டத்து ஆளை எண்ண இதைத் தவிர வேறு வழி இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. குறித்த நாளில் மழை வேறு. அன்றைக்குப் பதினோரு பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது. அவர் வழக்கம்போலவே அரைப்பேர் வாங்கியவர்களை அரை ஆளாக வைத்து ஆட்களையும் கூட்டினார். வேலைக்குப் போகாத கிழடுகளும் குழந்தைகளும் மட்டும் ஆளுக்கு ஒன்றாகத் தப்பினார்கள். அவர்களிடம் குறைப்பதற்கு எதுவும் இல்லை.

மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தாறரை ஆள் என்று காரியாலயத்துக்குப் போயிற்று.

பதினோரு அரைகளில் பத்து, சோடி சோடியாகச் சேர்ந்து ஐந்து ஆட்களாகிவிட்டன. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத வேலாயியும் ராசம்மாவும் அரசாங்கத்தின் பார்வையில் ஒரே ஆள் ஆனார்கள். அந்த ஆள் ‘பிறகு’ என்ற பக்கத்தில் விழுந்ததால் சண்டைக்கு அவசரம் இல்லாமல் போயிற்று. சோடி கிடைக்காமல் தனியாக நின்ற அரை, அழகுமுத்துவின் பெண்சாதி சண்முகவடிவு.

அழகுமுத்து தேயிலைச்செடியைக் குறைத்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். லயத்து வரிசை வீட்டில் எனக்கு அடுத்த அறை, அடுத்த காம்பரா. கலியாணமாகி ஏழு வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, அப்போதுதான் வடிவுக்கு ஏழு மாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மழையில் மலையேறியதில் கொழுந்து குறைந்துவிட்டது, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். பீலிக்கரை லயத்தில் தொடங்கிக் காம்பரா காம்பராவாகப் பதின்மூன்று பதின்மூன்றாக எங்களைப் பிரித்தபோது அழகுமுத்து மூன்றாவது ஆளாக வந்தான். முதல் ஏழுக்குள் வந்ததால் அவன் இந்தியா. அவனுக்குப் பின்னால் நின்ற வடிவைத் தாண்டி, அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார்கள்.

இந்தியா போவதில் அவனுக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவன் தாத்தா வந்த ஊரின் பெயர்கூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. திருச்சிக்குப் பக்கம் என்பான், ஒருநாள் மதுரைக்குப் பக்கம் என்பான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதல் தடவை நுவரெலியாவுக்குப் போய் ஞானரட்ணத்தின் முன்னால் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது அதைத்தான் சொன்னான்.

“அங்கனா அங்க, இங்கனா இங்கங்கய்யா. ரெண்டு பேத்தையும் ஒரு பக்கமா போட்டுடுங்க. அது போதும்.”

“உங்கள் மனைவி எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் மீதி” என்றார் ஞானரட்ணம்.

மீதி என்றால் என்ன என்று அவர் பொறுமையாக விளக்கினார். வகுத்த பிறகு எஞ்சுவது மீதி. மீதிக்குத் தனியாக ஓர் இடம் கிடையாது. இடம் இருந்தால் அது மீதியே அல்ல. அதிலும் இது அரை. ஒப்பந்தம் முழு எண்களால் ஆனது. இரண்டு நாடுகளும் முழு மனிதர்களைப் பற்றித்தான் பேசியிருக்கின்றன. அரை மனுஷியை அனுப்பினால் இந்தியா ஏற்காது, வைத்துக்கொள்ள இலங்கைக்கும் சம்மதம் இராது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அழகுமுத்து, சரிங்கய்யா, அப்ப எப்ப வரட்டும் என்று கேட்டான். பின்னப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள்.

அந்தக் காரியாலயத்தில் முழு எண் பிரிவு, பின்னப் பிரிவு, மீதிப் பிரிவு என்று மூன்று கதவுகள் இருந்தன. பின்னப் பிரிவின் கிளாக்கர் காலையில் மட்டும் வருகிறவர். எங்கள் பஸ் போய்ச் சேருவது மத்தியானம். மீதிப் பிரிவு பூட்டியே கிடந்தது. அதன் சாவி பின்னப் பிரிவில் இருந்தது. அழகுமுத்து வேலையை விட்டுவிட்டு விடியற்காலை லொறியில் தொற்றிக்கொண்டு போய் ஒருவழியாகப் பின்னப் பிரிவைப் பிடித்தான். அந்தக் கிளாக்கர், உன் மனைவி முழு ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

அத்தாட்சிக்கு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கங்காணி, அவள் மற்ற நாட்களில் முழுப்பேர் வாங்கியிருக்கிறாள் என்று மட்டும் சொல்ல முடியும், அன்றைக்கு அவள் அரைதான் என்று கையை விரித்தார். தோட்டத்து மருந்துக்காரர் நல்லவர். வடிவை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு தலை, இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் இருக்கிறது, வயிற்றில் இன்னோர் உயிரும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்த பின்னப் பிரிவுக்காரர் பதறிப்போய்விட்டார். இந்தச் சீட்டின்படி அவள் ஒன்றுக்கும் மேல் ஆகிறாள், அரையே பாரமாக இருக்கும்போது இதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு வடிவு அவனைக் கேட்டது மண்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் கேட்டது.

“ஏங்க, நா பாதின்னா, மிச்சப் பாதி எங்கங்க இருக்கு?”

எனக்கு அந்தக் கரும்பலகையைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. ஆனால் அது பள்ளிக்கூடத்துப் பலகை.

எண்ணின நாளில் பிழை நடந்துவிட்டது, இன்னொரு தடவை எண்ணினால் என்ன என்று கிளாக்கர் முத்துலிங்கமே ஒருநாள் துணிந்து கேட்டார். ஞானரட்ணம் அவரை உட்கார வைத்துப் பேசினார். ஊசிப்பாறையின் எண் கொழும்புக்குப் போய்விட்டது. கொழும்பிலிருந்து இன்னும் மேலே போயிருக்கலாம். “எண்ணை மாற்ற முடியாது, மிஸ்டர் முத்துலிங்கம். ஆட்களை மாற்றலாம். ஆட்கள் மாறக்கூடியவர்கள்” என்றார். அதிலும் விதி ஒன்று இருந்தது. காரியாலயத்துக்குக் கழிக்கும் அதிகாரம் உண்டு, கூட்டும் அதிகாரம் கிடையாது. அரையாக இருப்பவளை ஒன்றாக்கக் கூட்டல் வேண்டும். அது மந்திரிசபைக்கு மட்டுமே முடியும்.

கழிக்கலாம் என்பதிலிருந்துதான் ஞானரட்ணத்துக்கு அந்த யோசனை பிறந்தது. அவர் கல்நெஞ்சர் இல்லை. அழகுமுத்து ஆறேழு தடவை வாசலில் வந்து நின்றது அவரையும் உறுத்தியிருக்கிறது. உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார். அழகுமுத்து உட்காரவில்லை.

“உங்களிடமிருந்து ஓர் அரையைக் கழித்துவிடுகிறேன். நீங்கள் அரை, உங்கள் மனைவி அரை. இருவரும் சேர்ந்து ஓர் ஆள். தோட்டத்தின் எண் ஐந்நூற்று நாற்பத்தாறு ஆகிவிடும். நாற்பத்திரண்டு பதின்மூன்றுகள், மீதி பூச்சியம். நீங்கள் கேட்டது இதுதானே? ஒரே பக்கம். இதைவிடச் சேர்ந்திருக்க உலகத்தில் எந்தத் தம்பதிக்கும் வழியில்லை.”

அழகுமுத்து அதைக் கேட்டுக் கண் கலங்கிக் கும்பிட்டான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களிடம் நானும் வடிவும் ஒரு ஆளுங்க, ஒரு ஆளா போட்டாச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். அவன் எங்களுக்குக்கூடச் சீனி போட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். வடிவு மட்டும், உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கொறச்சல் என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரையாளாக இருந்தாலும் சேர்ந்தல்லவா இருக்கிறோம் என்று அவர்கள் எண்ணினார்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

மீதியில்லாமல் வகுபட்ட முதல் தோட்டம் என்று ஊசிப்பாறைக்கு விழா எடுத்தார்கள். தோட்டத்துத் துரை வந்தார், மலைவேலையை மேற்பார்வை செய்கிற கண்டாக்கையா வந்தார், பிஸ்கட் கொடுத்தார்கள். ஞானரட்ணம் ஒரு மணி நேரம் பேசினார். சிறுபான்மைப் பிரச்சினை என்று உலகம் முழுவதும் அரசியல்வாதிகள் மண்டையை உடைத்துக்கொள்வதாகவும், அது உண்மையில் நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு என்றும், அதை நிரூபித்த பெருமை உங்களையே சேரும் என்றும் சொன்னார். ஒரு வேண்டுகோளும் வைத்தார். காரியம் முடியும்வரை யாரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது.

நாங்கள் முயன்றோம். ஆனால் மூக்கன் கிழவருக்கு அறுபத்தெட்டு வயது, பெண்சாதி போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காயிற்று, மார்ச்சளி வேறு. விழா முடிந்து மறு வாரம் பனிக்காற்றில் அவர் செத்துப்போனார். அவரைப் புதைத்துவிட்டு வந்து பிரேதம் எடுத்த களைப்போடு நாங்கள் குந்தியிருக்கும்போதே காரியாலயத்து ஜீப் வந்துவிட்டது. ஐந்நூற்று நாற்பத்தைந்து பதின்மூன்றால் வகுபடாது. ஆகவே இந்த மரணத்தை ஏற்க முடியாது என்று ஞானரட்ணம் தெளிவாகச் சொன்னார். கிழவர் நாலு பேர் பக்கத்தில் விழுந்தவர், அதாவது இலங்கைப் பிரஜை. புதைத்ததில் தமக்கு ஆட்சேபம் இல்லை, எண்ணிலிருந்து எடுப்பதில்தான் ஆட்சேபம். “யோசித்துப் பார்த்தால் இவரே மிக நம்பகமான பிரஜை. இடம் மாறமாட்டார், வேலை நிறுத்தம் செய்யமாட்டார், பெருகமாட்டார்” என்று மேலும் சொன்னார். நாற்பத்தொன்பதில் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுத் தள்ளுபடியான மனிதர் மூக்கன். செத்த பிறகு அது அவருக்குக் கிடைத்தது.

இது ஒருவழியாக அடங்கியது என்று நினைத்த வேளையில் வடிவுக்கு வலி எடுத்தது. ஆண்பிள்ளை. நல்ல எடை, நல்ல குரல், பத்து விரலும் சரியாக இருந்தன. கிளாக்கர் முத்துலிங்கம் பிள்ளையைப் பார்த்துவிட்டு இதை எப்படிப் பிரித்தும் அரையாகப் போட முடியாது என்று பயந்து, காரியாலயத்துக்குத் தெரிவித்துவிட்டார்.

ஞானரட்ணம் தாமே வந்தார். லயத்து வாசலில் நின்று ஐந்நூற்று நாற்பத்தேழு என்று முணுமுணுத்துக்கொண்டே குச்சியால் மண்ணில் வகுத்துப் பார்த்தார். இரண்டால் போகவில்லை, மூன்றால் போகவில்லை, ஐந்தால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால், பதினேழால், பத்தொன்பதால், இருபத்து மூன்றால், எதனாலும் போகவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத எண். இப்படிப்பட்ட ஒரு சனத்தை எந்த அரசாங்கத்தாலும் ஆள முடியாது. இதை இப்படியே விட்டுவைக்க முடியாது.”

இதைக் கேட்டு எனக்கு ஒரு விநாடி நெஞ்சு நிமிர்ந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவர் மறுநாளே வழி கண்டுபிடித்து, கிளாக்கரையும் கண்டாக்கையாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளை பிறந்ததை ஏற்றால் ஒன்று கூடும். கூட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. மூக்கன் இறந்ததை ஏற்றால் ஒன்று குறையும். இரண்டையுமே ஏற்காமல், மூக்கன் இருந்த இடத்தில் இந்தப் பிள்ளையை வைத்துவிட்டால் எண் அசையாது. ஆகவே அழகுமுத்துவின் மகன் அன்றிலிருந்து மூக்கன், வயது அறுபத்தெட்டு, மனைவியை இழந்தவர், இலங்கைப் பிரஜை. பிள்ளை அதிர்ஷ்டக்காரன் என்று ஞானரட்ணம் தொட்டிலைப் பார்த்துச் சிரித்தார். பதின்மூன்றில் நாலு பேருக்குத்தான் இது கிடைக்கும்.

அழகுமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தாயும் தகப்பனும் ஏழு பேர் பக்கம், பிள்ளை நாலு பேர் பக்கம். பிரஜையை நாடு கடத்தச் சட்டத்தில் இடமில்லை என்று ஞானரட்ணம் மிகுந்த மரியாதையோடு சொன்னார். இதுவரை எந்த அதிகாரியோடும் ஒரு வார்த்தை பேசியிராத வடிவு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“பாலு யாருங்கய்யா குடுப்பா?”

ஞானரட்ணம் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார், அவர் எந்தக் கேள்வியையும் அலட்சியம் செய்கிறவர் அல்ல.

“அறுபத்தெட்டு வயதானவருக்குப் பால் அவசியமில்லை” என்றார்.

கண்டாக்கையாகூடத் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கடைசியில் கிளாக்கர் முத்துலிங்கம்தான், ஐயா, இவங்க ரெண்டு பேரும் எண்ணில் ஓர் ஆள்தானே, ஓர் ஆள் போனால் போதாதா என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அதை நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

ஞானரட்ணத்தின் முகம் மலர்ந்துவிட்டது. போதும் என்றார். பயண அனுமதியும் ஓர் ஆளுக்குத்தான் வந்திருக்கிறது, ரயிலிலும் கப்பலிலும் ஓர் இடம்தான். யார் போனாலும் எண்ணுக்குச் சரி. அப்படியானால் இங்கே நிற்கிறவருக்கு என்ன பேர், அவர் யார் என்று அழகுமுத்து கேட்டான். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. “நீங்கள் இருவரும் ஒருவர். அந்த ஒருவர் போனதும் இருவரும் போய்விட்டீர்கள். நிற்கிறவரும் போனவரே.”

பிள்ளைக்குப் பால் வேண்டும். ஆகவே யார் போவது என்று அவர்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். ராத்திரி முழுக்க அவன் தகரப்பெட்டியில் சாமான் அடுக்குகிற சத்தம்தான் கேட்டது. நடுவில் பிள்ளை ஒரு தடவை அழுதது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒரே பக்கமாகப் போடுங்கள் என்று கேட்கப் போய், தன் கையாலேயே கும்பிட்டு அரையாளான மனிதன் அவன்.

நானுஓயா ஸ்டேசனுக்கு நாங்கள் நாலைந்து பேர் கூடப் போனோம். முதல் பதின்மூன்றிலிருந்து போகிற எங்கள் தோட்டத்து ஏழு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, காரியாலயத்து ஆள் ஒருவன் தலைக்கு ஒன்று என்று தொட்டுத் தொட்டு எண்ணினான். அழகுமுத்துவையும் தொட்டு, ஒன்று என்றான். அரை என்று சொல்லவில்லை. அழகுமுத்து அதைக் கேட்டு அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வடிவிடம் போய்ப் பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். வடிவு அழவில்லை. பொட்டியில ரொட்டி வச்சிருக்கேன், ஈரம் பட்டுறாம பாத்துக்குங்க என்று மட்டும் சொன்னாள். ரயில் நகர்ந்தபோது அவன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து நின்றான். வளைவு திரும்பும்வரை தெரிந்தான்.

அடுத்த நாள் வடிவு கூடையைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். முத்துலிங்கம் தலையைத் தூக்காமலே, நீ இந்தியாவுல இருக்கம்மா, ஒனக்கு இங்க பேரு போட முடியாது என்றார். அவள் கொஞ்ச நேரம் வரிசையிலேயே நின்றாள். மற்றவர்கள் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனார்கள். அவள் கூடையை அவிழ்த்து ராசம்மாவிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை பசிக்கு அழும் நேரம் என்று லயத்தைப் பார்த்து நடந்தாள். பெரட்டுக்களத்து வாசலில் நின்ற கண்டாக்கையா வேலைக்குப் போகாமல் திரும்புகிறவர்களை எப்போதும் தடுத்துக் கேள்வி கேட்கிறவர். அவளை அவர் தடுக்கவில்லை. அவள் எந்தக் கணக்கிலும் இல்லை.